நிலத்தடிக் கனிமமும் பட்டாதாரர் பங்கும்

பட்டா நிலத்தின் அடியில் நிலக்கரி இருந்தால், டன்னுக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசி வாங்கலாமா?

நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956-இல் சுரங்க நிறுவனம் அமைந்தது. நிலம் கொடுத்தோர் பெற்றது நில விலை, மனை, சிலருக்கு வேலை. ராயல்டி மாநில அரசுக்கே செல்கிறது. மலபார் ஜென்ம நிலங்களில் கனிமம் உடைமையாளருக்கே என 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் அது அந்நிலங்களின் பழைய உரிமையை ஒட்டிய தீர்ப்பு. நம் பட்டாவுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது.

திருவாலங்காடு வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. மனை மேடாக்கவும் சூளைக்கும் சவுட்டு மண்ணைத்தான் கேட்டு வருவார்கள். அரசுக்குரிய சீனியரேஜ் வேறு. உங்களுக்குரிய விலை வேறு. ஏக்கருக்கு மொத்தமாக விலை பேசாதீர்கள். ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் எடுத்தாலே 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் மண் போய்விடும். ஆழத்தைக் குறித்து, யூனிட் கணக்கில் எழுதி வாங்குங்கள்.

பணத்தைப் பேசும்போது பலரும் மறப்பது மேல்மண்ணை. அங்ககப் பொருள் பெரும்பாலும் மேல் அரையடியில்தான் உள்ளது. அதைத் தனியே வாரிக் குவித்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பித் தரவேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்கட்டும். கனிமவளத் துறையின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு வண்டியையும் வயலில் இறங்க விடாதீர்கள்.