நாட்டுப்படகுக்கு மீன்காட்டும் கருவி: வாட்டையும் திரையையும் மட்டும் பார்த்து வாங்காதீர்

குமரி, தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோரங்களில் பைபர் படகும் வல்லமும் வைத்துத் தொழில் செய்வோர் பலர் ‘எக்கோ’ எனப்படும் மீன்காட்டும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். முன்பெல்லாம் கடலடிப் பாரைக் கண்டுபிடிக்கக் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் மலை முகட்டையும் நேர்பிடித்துப் பார்ப்பார்கள். கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழம் அளப்பார்கள். அந்த வேலையைக் கருவி நொடியில் முடித்துவிடுகிறது. ஆனால் உப்புக் காற்றில் எந்தக் கருவியும் நெடுநாள் உழைப்பதில்லை. புதிது வாங்கக் கடைக்குப் போனால், பெரிய திரை, ஆயிரக்கணக்கான வாட் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். பெரும்பாலும் கடன் வாங்கிப் போடும் பணம் அது. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு போவது நலம்.

முதலில் உங்கள் தொழிலைப் பாருங்கள். பாரில் தூண்டில் போட்டுக் கலவா, விளமீன் பிடிப்பவருக்கு இக்கருவி வலக்கை போன்றது. மேல்நீரில் வழிவலை விட்டு வஞ்சிரம், சூரை பிடிப்பவருக்கு அவ்வளவு உதவாது. கருவி படகுக்கு நேர் கீழே மட்டுமே பார்க்கும். ஒலி கூம்பு போல விரிந்து இறங்குவதால், மேல்நீரில் அது காணும் வட்டம் மிகச் சிறியது. மேலும், மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான் ஒலியை நன்கு திருப்பி அனுப்புகிறது. சூரை வகைகள் சிலவற்றுக்குக் காற்றுப்பை இல்லை, ஊசிக்கணவாய்க்கும் இல்லை. இவை திரையில் மங்கலாகவே தெரியும். வழிவலைக்காரர் அந்தப் பணத்தை முதலில் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், உயிர்காப்பு அங்கி ஆகியவற்றுக்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து.

ஆழத்துக்கு ஏற்ற அலைவரிசை

கிணற்றின் ஆழத்தைப் பார்த்துத்தானே பம்புசெட்டின் குதிரைத்திறனை முடிவு செய்கிறோம்? இதுவும் அப்படியே. சாதாரணக் கருவிகளில் 200 கிலோ ஹெர்ட்ஸ், 50 கிலோ ஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 200 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி குறுகிய கூம்பாக இறங்கும். படம் தெளிவாக இருக்கும். ஆனால் ஆழம் போகப் போகத் தேய்ந்துவிடும். 50 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி அகன்று விரிந்து ஆழத்துக்குப் போகும். படம் சற்றுக் கலங்கலாக இருக்கும்.

கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால், கருவி காணும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 21 பாகத்தில் நிற்கும் படகுக்கு அடியில் 7 பாக அகலமே தெரியும். 45 டிகிரி கூம்பில் 17 பாகம்வரை தெரியும். அகலம் கூடினால் மீன் கூட்டம் இருப்பது தெரியும். அது சரியாக எந்தக் கல்லின்மேல் நிற்கிறது என்பது தெரியாது. ஆகவே இரண்டு அலைவரிசையும் உள்ள கருவியே நல்லது. ‘சிர்ப்’ எனப்படும் புதுமுறையில், ஒரே துடிப்பில் பல அலைவரிசைகள் வரிசையாகப் போகின்றன. தரையை ஒட்டிக் கிடக்கும் கலவாவை இது பாறையிலிருந்து பிரித்துக் காட்டும். பார்த் தொழிலுக்கு இதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். பக்கவாட்டில் பார்க்கும் வசதி ஏரிக்கும் கழிமுகத்துக்கும் சரி. அதன் ஒலி கடல்நீரில் விரைவில் அடங்கிவிடும்.

பெட்டியின்மேல் 4,000 வாட் என்றிருந்தால் மயங்கவேண்டாம். அது உச்ச அளவு. உண்மையில் கணக்கில் கொள்ள வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ அளவு, அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 500 வாட். ஒரு கடையில் உச்ச அளவும் இன்னொரு கடையில் ஆர்.எம்.எஸ். அளவும் சொல்வார்கள். ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடாதீர்கள். பெட்டியிலுள்ள ஆழக் கணக்கு நன்னீருக்கு உரியதாகவும் இருக்கலாம். அதில் பாதியை நம்பினால் போதும்.

குமிழைப் பொருத்துவதில்தான் எல்லாம்

ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் என்ற குமிழ் சரியாக அமையாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த திரையும் வீணே. வழக்கமாக இதனைப் படகின் பின்பலகையில், காற்றாடிக்குத் தள்ளிப் பொருத்தச் சொல்வார்கள். காற்றாடி கிளப்பும் நுரைக்குமிழிகள் குமிழின் முகத்தில் பட்டால் திரை முழுதும் புள்ளி விழும். நம் கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. துறைமுகத்தில் கட்டும் படகல்ல நம்முடையது. அலையில் ஏற்றி மணலில் இழுக்கிறோம். பின்பலகைக் குமிழ் அதில் உடைந்துபோகும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குமிழை ஒரு குழாயில் மாட்டிப் படகின் பக்கவாட்டில் இறக்கிவிட்டு, கரையேறும் முன் தூக்கிக்கொள்வது. படகு வேகமாக ஓடும்போது படம் சரியாக வராது. நின்று பார்க்கும் தூண்டில்காரருக்கு அது ஒரு குறையல்ல. மற்றொன்று, படகின் உள்ளடியில் பிசின் கொண்டு ஒட்டிவிடுவது. வெறும் நாரிழையால் ஆன அடியில் இது நன்றாக வேலை செய்யும். இடையில் பலகையோ நுரையோ வைத்துக் கட்டிய படகில் ஒலி ஊடுருவாது. மர வல்லத்திலும் ஆகாது.

ஒட்டும் முன் சோதித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி உள்ளடியில் வைத்து, குமிழை அதன்மேல் அழுத்திப் பிடித்து ஆழம் பாருங்கள். பிறகு குமிழைப் படகுக்கு வெளியே நீரில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் அந்த இடத்தில் ஒட்டலாம். ஒட்டும்போது பிசினில் காற்றுக்குமிழி சிறிதும் கூடாது. பழைய குமிழ் நல்ல நிலையில் இருந்தால், புதுக் கருவிக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். அலைவரிசையும் இணைப்பு முனையும் ஒத்துவந்தால் ஒரு செலவு மிச்சம்.

பாட்டரி, திரை

ஒரு ஆம்பியர் எடுக்கும் கருவி பத்து மணி நேர இரவுத் தொழிலில் 10 ஆம்பியர் மணி செலவழிக்கும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 20 ஆம்பியர் மணிக்குக் குறையாத 12 வோல்ட் பாட்டரியைத் தனியே வையுங்கள். விளக்கை அதில் மாட்டவேண்டாம். பியூஸ் கட்டாயம் வேண்டும்.

திரை ஐந்து அங்குலமோ ஏழு அங்குலமோ, கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுவந்து போட்டுப் பார்த்து வாங்குங்கள். மீன் உருவம் வரைந்து காட்டும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. சொறி மீனுக்கும் நுரைக்கும்கூட அது மீன் படமே போடும்.

பழைய இடங்களை இழக்காதீர்

பழைய கருவியிலேயே ஜி.பி.எஸ். இருந்திருந்தால், பல ஆண்டுகள் தேடிக் கண்ட பார்களின் எண்கள் அதில்தான் இருக்கும். கருவி முற்றிலும் செத்துப்போகும் முன் அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது வடிவத்தைக் கவனியுங்கள். சில கருவிகள் டிகிரி, நிமிடம், விநாடி என்று காட்டும். சில நிமிடத்தைப் புள்ளி வைத்துக் காட்டும். 8 டிகிரி 30.50 நிமிடம் என்பது 30 நிமிடம் 30 விநாடியே. அதை 30 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றிவிட்டால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப் போய்விடுவீர்கள். இலங்கைக் கடல் எல்லையருகே தொழில் செய்வோர் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். புதுக் கருவியை எந்த வடிவில் வைப்பது என்று கடையிலேயே கேட்டு, பழைய எண்களில் நான்கைந்தை உங்கள் கையாலேயே ஏற்றிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.