மதிலுக்குள் தினம் ஒரு மாத்திரை

பரிசோதனை வந்தது, சிகிச்சை வந்தது. தடுப்பு மட்டும் சிறை வாசலில் நிற்கிறது

திருவனந்தபுரம் பூஜப்புரா மத்தியச் சிறை என்றதும் நகரவாசிகளுக்கு நினைவுக்கு வருவது கைதிகள் சுட்டு மலிவாக விற்கும் சப்பாத்தி. இலக்கியப் பிரியர்களுக்கு பஷீரின் 'மதில்கள்'. 1940களில் அவர் அடைபட்டிருந்தது இந்தச் சிறையில்தான். அவர் கதையில் மதிலின் இருபுறமும் நின்று இருவர் முகம் பாராமலே காதலிக்கிறார்கள். ஹெச்.ஐ.வி.க்கு அந்த மதிலும் தடையில்லை.

இந்திய அளவில் வயதுவந்தோரில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவிகிதம். சிறைகளில் நடந்த அரசுக் கணக்கெடுப்புகளில் இது 2 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. போதை ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் பலர் தொற்றோடுதான் உள்ளே வருகிறார்கள்.

சிகிச்சை இன்று எளிது. கேரளத்தில் பரிசோதனை மையங்களுக்கு 'ஜோதிஸ்' என்றும், சிகிச்சை மையங்களுக்கு 'உஷஸ்' என்றும் பெயர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஓர் உஷஸ் உண்டு. அரசின் இலவச மருந்துத் திட்டம் 2004இல் தொடங்கியது. இப்போது பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாகவும் பரவாது. ஆனால் நெரிசலான அறையில் பத்துப் பேர் கண்ணில் படாமல் தினமும் மாத்திரை விழுங்குவது லேசான காரியமல்ல. விஷயம் தெரிந்தால் பக்கத்தில் படுக்கக்கூட ஆள் வராது.

தடுப்பு விஷயத்தில்தான் பழைய சிக்கல். 1994இல் தில்லி திஹார் சிறையில் ஆணுறை வழங்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, அன்றைய நிர்வாகம் மறுத்தது. ஓரினச்சேர்க்கை 377ஆவது பிரிவின்படி குற்றம். அதை ஊக்குவிக்கலாமா என்பது வாதம். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. நான்கே நாளில், செப்டம்பர் 10 அன்று, ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அமலுக்கு வந்தது. சம்மதமின்றிப் பரிசோதிக்கக்கூடாது, அரசின் காவலில் உள்ளவர்களுக்கும் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சையோடு தடுப்புக்கும் உரிமை உண்டு என்கிறது அது. சாக்கு போய்விட்டது, ஆணுறை இன்னும் சிறைக்குள் வந்தபாடில்லை. சுவிட்சர்லாந்து 1990களிலேயே சில சிறைகளில் சுத்தமான ஊசிகளையும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

உள்ளே வரும் நாளில் செய்யும் பரிசோதனை மட்டும் போதாது. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை 'இல்லை' என்றே சொல்லக்கூடும். மறுபடி பார்க்க வேண்டும்.

மிக ஆபத்தான நாள், விடுதலை நாள். விசாரணைக் கைதிக்கு ஜாமீன் எப்போது வரும் என்று சிறை மருத்துவருக்கும் தெரியாது. உத்தரவு மாலையில் வந்து, ஆள் இரவு ரயிலில் அஸ்ஸாமுக்கோ வங்கத்துக்கோ புறப்பட்டுவிட்டால், மாத்திரை டப்பா சிறை மருத்துவமனை அலமாரியிலேயே தங்கிவிடலாம். மருந்து நின்றால் சில வாரங்களில் கிருமி மீண்டும் பெருகும். தேவை, கையில் ஒரு மாத மாத்திரையும் சொந்த ஊர் மையத்துக்கு ஒரு மாற்றுச் சீட்டும். வாசலில் அவனுடைய கைக்கடிகாரத்தையும் சட்டையையும் திருப்பித் தரும்போதே அவற்றையும் தந்துவிடலாம்.