உறைபனியினின்று பயிரைக் காத்தல்

நீலகிரி மலைப்பிரதேசத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடியவுள்ள காலத்தில் உருளைக்கிழங்குச் செடியும் இளந்தேயிலையும் ஒரே இரவில் கருகிப்போவது யாவரும் அறிந்ததே. வானத்தினின்று குளிர் இறங்குவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பயிரின் உஷ்ணமே வானத்தை நோக்கிப் போய்விடுகின்றது.

உஷ்ணம் மூவகையாய்ச் செல்லும். அடுப்பிலிட்ட கரண்டியின் காம்பு சுடுவது ஒருவகை. கொதிநீர் மேலெழுந்து சுழல்வது மற்றொருவகை. இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு பொருள் வேண்டும். மூன்றாவதாகிய உஷ்ண வீச்சுக்கு அது வேண்டுவதில்லை. சூரிய வெப்பம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் கடந்து நம்மை அடைவது இவ்வாறே. மண்ணும் இலையுங்கூடக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாய் உஷ்ணத்தை ஓயாது வீசுகின்றன. பகலில் வரவு மிகுதி. இரவிலோ செலவே மிகுதி. மேகமிருப்பின் அச்செலவில் பெரும்பகுதியை அது திருப்பித் தரும். மேகமும் காற்றுமற்ற வறண்ட இரவில் இலையானது சுற்றியுள்ள காற்றினும் சில டிகிரி அதிகமாய்க் குளிரும். ஆதலின், ஆளுயரத்தில் உஷ்ணமானி 2 அல்லது 3 டிகிரி சென்டிகிரேடு காட்டும்போதே தரையில் பனி உறையக்கூடும். குளிர்ந்த காற்று கனமாகையால் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்து நிலம் முதலில் கருகுவது இதனாலேயே.

குளிர்ந்த பொருளின்மீதே பனித்துளி படியும். 1814-ல் பனியைப்பற்றி நூல் வெளியிட்ட வெல்ஸ் என்னும் லண்டன் வைத்தியர், உயர்த்திவைத்த பலகையின் மேலும் கீழும் சம எடையுள்ள ஆட்டுரோமத்தை வைத்துப் பார்த்தார். வானத்தை நோக்கியிருந்த ரோமமே மிகுந்த பனிநீரை ஏற்றது. ஆகவே, பயிருக்கு வானத்தை மறைப்பதே முதற்காப்பு.

அனுசரிக்க வேண்டியவை:

1. சூரியன் மறையுமுன் வைக்கோல், சாக்கு, அல்லது தழையால் பயிரின் மேற்புறத்தை மூடி, காலையில் வெயில் ஏறியபின் நீக்குக.

2. மண் காய்ந்திருப்பின் பகலில் நீர் பாய்ச்சுக. ஈரமண் பகல் வெப்பத்தை மிகுதியாய்ச் சேமித்து இரவில் விடும்.

3. வரிசைகளுக்கிடையே தரையில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பலாகாது. அது மண்ணின் உஷ்ணம் செடிக்கு எட்டாமல் தடுக்கும்.

4. தெளிப்பானால் நீர் தெளிப்போர், பனி உறையுமுன் தொடங்கி, காலையில் உறைந்த நீர் முற்றும் உருகும்வரை நிறுத்தலாகாது. நீர் உறையுங்கால் வெளிவிடும் உஷ்ணமே இங்கே காப்பு. இடையில் நின்றால் நஷ்டம் அதிகமாகும்.

5. புகை மூட்டுவதால் பயன் சொற்பம்; உஷ்ணக் கதிர்களில் பெரும்பாலானவை புகையை ஊடுருவிச் சென்றுவிடும்.

அந்தியில் வானம் நிர்மலமாயும் காற்று அசைவற்றும் இருந்தால், கிராம அதிகாரிகள் பள்ளத்து நிலக்காரர்களுக்கு அன்றே தெரிவிப்பது பேருதவியாகும். இருட்டியபின் மூடினால், போன உஷ்ணம் திரும்பாது.