4 கோடி இலக்கப் பகா எண்: உங்க போன் பூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

செய்யூர் உப்பளத்தில் 91 மூட்டை உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமில்லாமல் சம வரிசைகளாக அடுக்க முடியுமா? முடியாத மாதிரிதான் தெரியும். ஆனால் முடியும்: 7 வரிசை, வரிசைக்கு 13. அதுவே 97 மூட்டை என்றால், என்ன குட்டிக்கரணம் போட்டாலும் ஒரே நீள வரிசைதான். 97 ஒரு பகா எண்.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுரான்ட் கண்டுபிடித்த பகா எண், அதுவரை தெரிந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். விநாடிக்கு ஒன்று வீதம் தூங்காமல் வாசித்தாலும் 474 நாள் தாண்டும். கணினியின் 0, 1 மொழியில் எழுதினால் எல்லாமே 1தான். ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது.

இந்த வகைக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். இதில் அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது: அடுக்கு 11 என்றால் 2,047 வரும், அது 23 × 89.

இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதித்தார்கள்? லூக்காஸ்-லேமர் சோதனை ரொம்ப எளிது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். 31-க்குப் போட்டுப் பாருங்க (அடுக்கு 5): முதல் சுற்றில் 14. அடுத்து 194, மீதி 8. அடுத்து 62, மீதி 0. அடுக்கைவிட 2 குறைவான சுற்றில், அதாவது மூன்றாவது சுற்றில், பூஜ்யம் வந்துவிட்டது. 31 பகா எண். புது எண்ணுக்கு 13,62,79,839 சுற்று!

இந்தக் குறுக்குவழி மெர்சென் எண்களுக்கு மட்டும்தான். எந்த எண்ணையும் விரைவாக, ஐயத்துக்கு இடமின்றிச் சோதிக்க வழி உண்டா என்ற நெடுநாள் கேள்விக்கு 2002 ஆகஸ்டில் 'உண்டு' என்று நிரூபித்தவர்கள் நம்மவர்கள்: கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள்.

ஆனால் 'இது பகா எண் இல்லை' என்று தெரிந்தாலும், எதை எதால் பெருக்கியது என்பது தெரிந்துவிடாது. இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ பூட்டு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. சுமார் 308 இலக்கம் கொண்ட இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் ஊரறிய வைப்பார்கள். 4 கோடி இலக்க எண் இதற்கு உதவாது. அதுதான் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே! சாவியைத் தெருவில் தொங்கவிட்டால் பூட்டு எதற்கு?

பூட்டை யாராவது உடைத்துவிட்டால்? 2020-இல் ஆய்வாளர்கள் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை உடைத்தார்கள். இன்றைய வழக்கமான பூட்டு எண்ணுக்கு 617 இலக்கம். ஆனால் போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி வந்தால் இதையும் உடைக்கலாம் என்று 1994-இலேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அதனால்தான் பகா எண்ணை நம்பாத புதுப் பூட்டுகளுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா தர விதிகளை வெளியிட்டது.