தானியங்கி இன்சுலின் கருவி: பெட்டியில் வருவது பாதிதான்

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ராத்திரி முழுத் தூக்கம் அபூர்வம். படுக்கும்போது 140 காட்டிய சர்க்கரை, இரண்டு மணிக்கு 60-க்கு இறங்கிவிடலாம். தூக்கத்தில் இறங்கினால் பிள்ளைக்கே தெரியாமல் போகலாம். அதனால்தான் அலாரம் வைத்து எழுந்து, விரல் நுனியில் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறார்கள் பெற்றோர்கள்.

இந்த ராக்காவலை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வசதி கடந்த பத்தாண்டுகளில் வந்திருக்கிறது. சர்க்கரையைத் தானே அளந்து, இன்சுலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் இவை. மருத்துவக் கருவிச் சந்தையில் வேகமாக வளரும் பிரிவுகளில் இதுவும் ஒன்று. 'செயற்கைக் கணையம்' என்றும் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்து, ஒருமுறை வாங்கி மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கு மாதாமாதம் சரக்கு வேண்டும், தினமும் ஆள் கவனம் வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்று பாகங்கள் சேர்ந்த கருவி

முதல் பாகம் சென்சார். மேற்கையின் பின்புறத்திலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை இது. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்தபடி, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் குளுக்கோஸை அளக்கிறது. பெரும்பாலான கருவிகளில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண் வரும். ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் இந்தத் திரவத்தில் தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சாரும் குளுக்கோமீட்டரும் வேறு வேறு எண் காட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரண்டாவது, இன்சுலின் பம்ப். இடுப்பில் செருகிக்கொண்டு மெல்லிய குழாய் வழியே இன்சுலின் செலுத்துவது ஒரு வகை. குழாயே இல்லாமல் உடம்பில் நேரடியாக ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. எந்த வகையானாலும் உள்ளே நிரப்புவது வேகமாக வேலைசெய்யும் இன்சுலின் மட்டுமே. நாள் முழுக்க அதைத் துளித்துளியாகச் செலுத்துவதால் நீண்டநேர இன்சுலின் ஊசி தனியாகத் தேவைப்படாது.

மூன்றாவது, இந்த இரண்டையும் இணைக்கும் கணக்கு மென்பொருள். சில கருவிகளில் இது பம்புக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் கைபேசிச் செயலியாக இருக்கும். இரவு 2.10-க்குச் சர்க்கரை 118, 2.15-க்கு 109, 2.20-க்கு 101 என்று வைத்துக்கொள்வோம். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல எண்தான். ஆனால் இறங்கும் வேகத்தைப் பார்த்தால் இன்னும் அரை மணியில் 70-க்குக் கீழே போய்விடும் என்று மென்பொருள் கணித்து, இன்சுலினை இப்போதே குறைக்கும் அல்லது நிறுத்தும். இறக்கம் நின்று சர்க்கரை ஏறத் தொடங்கியதும் மறுபடி திறந்துவிடும். ஊசியில் இதற்கு வழியில்லை. இரவு ஒன்பது மணிக்குப் போட்ட நீண்டநேர இன்சுலினை இரண்டு மணிக்குத் திரும்ப எடுக்க முடியாதே.

சாப்பாட்டுக்கு முன் சொல்லியாக வேண்டும்

இன்று சந்தையில் உள்ள கருவிகள் பெரும்பாலும் பாதித் தானியங்கிகளே. இரவையும் உணவுக்கு இடைப்பட்ட நேரத்தையும் அவை பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில், எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடப் போகிறோம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

காரணம் இன்சுலினின் வேகம். தோலுக்கடியில் செலுத்திய வேக இன்சுலின் வேலையைத் தொடங்கப் பத்து, பதினைந்து நிமிடமாவது ஆகும். உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டில் உள்ள இட்லி அதற்குள் சர்க்கரையாக மாறி ரத்தத்துக்கு வந்துவிடும். சென்சார் அந்த ஏற்றத்தைப் பார்த்த பிறகு பம்ப் ஓடத் தொடங்கினால் பந்தயம் ஏற்கெனவே கைநழுவியிருக்கும். அதனால்தான் சாப்பிடுவதற்குச் சற்று முன்பே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் சாப்பாட்டில் இந்தக் கணக்குக்குப் பழக்கம் வேண்டும். இட்லி வீட்டுக்கு வீடு ஓர் அளவு. நெய் ஊற்றிய பொங்கலில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை தாமதமாக ஏறி, நீண்ட நேரம் நிற்கும். சில வாரங்கள் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவைத்தால் கண்ணளவு பிடிபட்டுவிடும். பீட்டா பயோனிக்ஸ் நிறுவனத்தின் ஐலெட் என்ற கருவி இந்தச் சுமையைக் குறைக்கிறது. 'வழக்கம்போல', 'வழக்கத்தைவிட அதிகம்', 'குறைவு' என்று மட்டும் சொன்னால் போதும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 மே மாதம் இதற்கு அனுமதி தந்தது.

சந்தை வளர்ந்த கதை

1970-களில் பயோஸ்டேட்டர் என்றொரு கருவி இருந்தது. ரத்தத்தை நேரடியாக எடுத்து அளந்து இன்சுலின் செலுத்தும் அந்த இயந்திரம் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்க முடியும். உடம்பில் அணிந்து நடமாடக்கூடிய கருவிக்கு நல்ல சென்சார்கள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பொறுமை இல்லாதவர்கள் நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும்தான். 2013 வாக்கில் அமெரிக்காவில் பெற்றோர் சிலர் பிள்ளைகளின் சென்சார் எண்களைத் தங்கள் கைபேசியிலேயே பார்க்கும் நைட்ஸ்கவுட் என்ற வழியை உருவாக்கினார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயோடு வாழும் டானா லூயிஸ் தன் கணவர் ஸ்காட் லைப்ராண்டுடன் சேர்ந்து சென்சாரையும் பம்பையும் சிறு கணினியால் இணைத்து, அந்த முறையை 2015-இல் 'ஓப்பன்ஏபிஎஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். "நாங்கள் காத்திருக்கப் போவதில்லை" என்பதே அந்த இயக்கத்தின் முழக்கம்.

நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மெட்ரானிக்கின் மினிமெட் 670ஜி 2016 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. இந்த வகையில் வணிகத்துக்கு வந்த முதல் கருவி அதுதான். டேண்டம் நிறுவனத்தின் கன்ட்ரோல்-ஐக்யூ 2019-இலும், இன்சுலெட்டின் குழாயில்லாத ஆம்னிபாட் 5 2022-இலும் அனுமதி பெற்றன. சென்சார் பக்கம் டெக்ஸ்காமும் அபாட்டும் பெரிய பெயர்கள்.

இந்த வணிகத்தின் வருமானம் மாதச் சரக்கில் இருக்கிறது. குழாய் வகைப் பம்பில் உடம்பில் செருகும் ஊசிக்குழாய்த் தொகுதியைப் பொதுவாக இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு மாதத்துக்குப் பத்தாவது ஆகும். ஆம்னிபாட் 72 மணி நேரத்தில் குப்பைக்குப் போகும். பெரும்பாலான சென்சார்களின் ஆயுள், வகையைப் பொறுத்து ஒரு வாரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம். ஒரு புதிய வாடிக்கையாளர் சேர்ந்தால் பல வருட வருமானம் சேர்ந்தது என்று பொருள். நிறுவனங்கள் இப்போது முதல் வகையோடு நிற்காமல் இன்சுலின் போடும் இரண்டாம் வகை நோயாளிகளையும் எட்டிப்பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஆகஸ்டில் ஆம்னிபாட் 5-க்கு அமெரிக்காவில் அந்த அனுமதியும் கிடைத்துவிட்டது.

பலன் எவ்வளவு?

விளம்பரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஆய்வைப் பார்ப்போம். இப்போது மருத்துவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யுடன் இன்னோர் அளவையும் பார்க்கிறார்கள்: ஒரு நாளில் எத்தனை விழுக்காடு நேரம் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையே இருந்தது? பெரும்பாலானவர்களுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் என்பது இலக்கு.

2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் முதல் வகை நோயாளிகள் 168 பேர் ஆறு மாதம் பங்கேற்றார்கள். தானியங்கிக் கருவி அணிந்தவர்களுக்கு இந்த விழுக்காடு 61-இலிருந்து 71-க்கு உயர்ந்தது. சென்சாரும் பம்பும் இருந்து, தானியங்கிக் கணக்கு மட்டும் இல்லாதவர்களுக்கு 59-இலேயே நின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கூடுதலாக நல்ல எல்லைக்குள் இருந்தார்கள் என்பது இதன் பொருள். 2023-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் முதல் வகை நோயுள்ள கர்ப்பிணிகளுக்கும் கிட்டத்தட்ட இதே அளவு முன்னேற்றம் தெரிந்தது. கர்ப்பத்தில் இலக்கு இன்னும் குறுகலானது: 63-இலிருந்து 140 வரை.

மிகப் பெரிய மாற்றம் இரவில்தான். சாப்பாடு இல்லாத, ஓட்டம் இல்லாத அந்த நேரத்தில் மென்பொருளின் கணக்கு நன்றாகப் பலிக்கிறது.

இங்கிலாந்து எடுத்த முடிவு

இவ்வளவு பலன் உள்ள கருவிக்கு யார் பணம் கொடுப்பது? இங்கிலாந்தின் பதில் கவனிக்கத்தக்கது. மருத்துவச் செலவுக்கான பலனை எடைபோடும் அரசு அமைப்பான நைஸ், 2023 டிசம்பரில் இந்தக் கருவிகளைப் பரிந்துரைத்தது. முதல் வகை நோயுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. பெரியவர்களில் ஹெச்பிஏ1சி 7.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கும், தாழ்சர்க்கரையால் கடுமையாக அவதிப்படுபவர்களுக்கும் உண்டு.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. நிறுவனங்கள் விலையைக் குறைத்துத் தர வேண்டும். பயிற்சி தரும் ஊழியர்கள் தயாராக வேண்டியிருப்பதால் ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகவே கொண்டுபோக வேண்டும். அரசு கருவியோடு சரக்கையும் பயிற்சியையும் சேர்த்தே கணக்குப் போட்டது.

இயந்திரம் மக்கர் செய்தால்

பம்ப் அணிந்தவர் உடம்பில் நீண்டநேர இன்சுலின் சேமிப்பு கிடையாது. குழாய் மடங்கினாலோ, ஊசிக்குழாய் தோலிலிருந்து நழுவினாலோ, சில மணி நேரத்திலேயே, இன்சுலின் கிடைக்காதபோது உடம்பில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கும். சர்க்கரை 250-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், கீட்டோனைச் சோதித்து, பேனாவால் ஊசி போட்டுவிட்டுச் செருகியதை மாற்ற வேண்டும். அதோடு மருத்துவரையும் உடனே கூப்பிட வேண்டும். பம்ப் வந்துவிட்டது என்று இன்சுலின் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

மென்பொருளும் பழுதாகும். 2024-இல் டேண்டம் பம்புக்கான கைபேசிச் செயலியின் ஒரு பதிப்பு பம்பின் மின்கலத்தை வேகமாகக் காலி செய்ததால் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனமே கடையைக் கட்டுவதும் உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2017-இல் அனிமாஸ் பம்புத் தொழிலை மூடுவதாக அறிவித்தபோது, அதை நம்பியிருந்தவர்கள் வேறு பம்புக்கு மாற வேண்டியதாயிற்று.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை: வியர்வையில் ஒட்டுப்பட்டை கழன்றுவிடும். பம்புக்குள் இருக்கும் இன்சுலினும் அதிகச் சூட்டில் வீரியம் இழக்கும். வெயிலில் நிறுத்திய காரில் பம்பையோ இன்சுலினையோ விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இந்தியாவில் நிலைமை

முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் உலகிலேயே அதிகம் இருக்கும் நாடு இந்தியா என்கிறது பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸ். பம்புகளும் சென்சார்களும் இங்கேயும் கிடைக்கின்றன. ஆனால் தானியங்கிப் பம்பின் விலை லட்சங்களில் இருக்கிறது. அதன் பிறகு மாதந்தோறும் ஆயிரங்களில் சரக்குச் செலவு. வழக்கமான மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். மாதச் சரக்கு பெரும்பாலும் கைக்காசுதான்.

கடன் வாங்கிப் பம்ப் வாங்கி, ஆறு மாதத்தில் சென்சார் வாங்கப் பணமில்லாமல் போனால், தானியங்கி வசதி அன்றோடு நின்றுவிடும். சென்சார் இல்லாத மென்பொருளுக்குக் கண் கிடையாது. வசதி குறைந்த குடும்பம் அதே பணத்தில் தடையில்லாத இன்சுலின், போதுமான ஸ்ட்ரிப், முடிந்தபோது சென்சார், மாவுச்சத்துக் கணக்கில் பயிற்சி ஆகியவற்றைத் தேடிக்கொண்டால் பேனா ஊசியிலேயே நல்ல கட்டுப்பாடு பெற முடியும். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

மாத்திரையில் கட்டுப்படும் இரண்டாம் வகை நோயாளிகளுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

• ஊசிக்குழாய், சென்சார், இன்சுலின் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும்? மூன்று ஆண்டுக்கு அதைத் தாங்க முடியுமா?

• இந்த மருத்துவமனையில் பம்ப் பயிற்சி தரும் செவிலியரோ நீரிழிவுக் கல்வியாளரோ இருக்கிறாரா? ராத்திரி சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

• பம்ப் பழுதானால் எத்தனை நாளில் மாற்றுக் கருவி வரும்? உத்தரவாதம் எத்தனை ஆண்டு?

• சென்சாரும் பம்பும் ஒன்றோடொன்று பேசும் வகையா? நம் கைபேசியில் அந்தச் செயலி ஓடுமா?

• வாங்குமுன் சில வாரம் சென்சார் மட்டும் அணிந்து பார்க்க முடியுமா? உடம்பில் எந்நேரமும் ஒரு பொருள் ஒட்டியிருப்பது சிலருக்குப் பிடிக்காது. சிலர் தோலுக்கு அந்தப் பசை ஒத்துக்கொள்ளாது.

• எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, விமானப் பயணம் என்றால் என்ன செய்ய வேண்டும்?

விற்பனைப் பிரதிநிதி கருவியின் சிறப்புகளைச் சொல்வார். மேலே உள்ள கேள்விகளை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் தெளிவான பதில் கிடைத்து, மாதச் செலவுக்கும் வழி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கேள்விகளில் பாதிக்குப் பதில் இல்லையென்றால், கருவி எவ்வளவு நல்லதானாலும் இப்போதைக்குப் பொறுத்திருப்பதே மேல். போட்டி கூடக் கூட விலை இறங்க வாய்ப்பு இருக்கிறது. ஊசியும் உணவுக் கணக்கும் அதுவரை கைவிடாது.