தொட்டறியும் கை

பற்றுவது வேறு, தொட்டறிவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கையிழந்து செயற்கைக் கை பூண்டவர்களே நன்கறிவர்.

டென்மார்க் தேசத்தவரான டெனிஸ் சோரன்சன் வாணவேடிக்கை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர். பின்னர் அவர் பூண்ட கை சாமானியமானதன்று. எஞ்சிய முன்கைத் தசையை இறுக்கினால், அங்கெழும் மின்குறியை அறிந்து விரல்கள் மூடும், திறக்கும். ஆயினும், பிடித்த பொருள் கண்ணாடிக் குவளையா, கல்லா என்பது அக்கைக்குத் தெரியாது. பொருள் நொறுங்காமற் காக்கக் கண்ணே காவலிருத்தல் வேண்டும். தொல்காப்பியர் உயிர்களை அறிவின்படி வகுத்தபொழுது, புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாகச் சொன்ன ஓரறிவு தொடுவுணர்வேயாகும். அந்த ஓரறிவுதானும் இந்த விலையுயர்ந்த கைக்கு இல்லை! இத்தகைய கைகளைப் பெற்றோருட் சிலர் அவற்றை அணியாமலே வைத்துவிடுகின்றனர். பாரம் ஒரு காரணம். தமது கையென்று மனம் ஏற்காமை மற்றொன்று.

2013 ஆம் ஆண்டு ஜனவரியில், உரோமாபுரியிலுள்ள ஜெமெல்லி வைத்தியசாலையில், சோரன்சனின் இடக்கை நரம்புகள் இரண்டில் நுண்ணிய மின்வாய்கள் நான்கு பொருத்தப்பட்டன. சில்வெஸ்ட்ரோ மிச்செராவின் குழுவினர் அமைத்த புதிய கையில், விரல்களின் செயற்கைத் தசைநார் இறுகும் அளவு மின்சாரமாக மாறிற்று. கணினி அதனை நரம்புக்கு விளங்கும் துடிப்பாக்கியது. ஒன்பதாண்டு வேலையற்றுக் கிடந்த நரம்புகள் தம் தொழிலை மறந்திருக்கவில்லை. கண்ணைக் கட்டி, காதையும் அடைத்த நிலையில், மரத்துண்டின் வன்மையையும் பஞ்சின் மென்மையையும் அவர் பிரித்தறிந்தார். பந்துக்கும் தோடம்பழத்துக்கும் வேறுபாடு கண்டார்.

இதனை இயந்திரத்தின் வெற்றியென்று உலகம் வியந்தது. எனக்கோ, அவருடைய கண்ணுக்கு ஓய்வு கிடைத்ததே பெரிதாகப் படுகின்றது. பேச்சில் மூழ்கியபடியே தேநீர்க் கோப்பையை எடுக்கும் நமக்கு அந்த ஓய்வின் அருமை எங்ஙனம் விளங்கும்?

30 நாட்களின் பின் மின்வாய்கள் அகற்றப்பட்டன. சோதனைக்குரிய பாதுகாப்பு விதி அது. விதியை நான் குறைகூறேன். நரம்புக்குக் கேடு நேருமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், ஒன்பதாண்டின் பின் மீண்டு வந்த உணர்வை ஒரு மாதத்திற் பிரிவது எளிதென்று எவரும் எனக்குச் சொல்லவேண்டாம். பொருளின் வடிவத்தையும் வன்மையையும் அவர் எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்பதை ஆய்வேடு கணக்கிட்டு வைத்திருக்கின்றது. இந்தப் பிரிவுக்கு அதில் ஓர் அளவுகோல் இல்லை.