சிரட்டையில் சேரும் துளிகள்

யட்டியாந்தோட்டை றப்பர் மலைகளில் விடியற்காலையிலேயே பால்வெட்டு தொடங்கிவிடும். வெட்டிய கோட்டில் வழியும் பால் சொட்டுச் சொட்டாய்ச் சிரட்டையில் சேரும். ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார்கள். இதய நோயோடு பொரளை சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்குப் போகும் பச்சைப்பிள்ளையின் இரத்தத்துக்கும் அதே சிக்கனம் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லிலீற்றர் இரத்தம். 5 கிலோ பிள்ளைக்கு மொத்தமே 400. இரத்ததான முகாமில் நாம் ஒரு தடவை கொடுப்பதோ 450!

திறந்த இதய சத்திரசிகிச்சையில் இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரத்தில் அதன் வேலையை இயந்திரம் பார்க்கிறது. அந்த இயந்திரத்தின் குழாய்களை முதலில் திரவத்தால் நிரப்ப வேண்டும். முன்பு அதற்கே பல நூறு மில்லிலீற்றர் தேவைப்பட்டது. வெறும் சேலைனை நிரப்பினால் பிள்ளையின் இரத்தம் நீர்த்துப் போகும். அதனால்தான் பிறர் இரத்தத்தையும் சேர்த்தார்கள்.

அந்த இரத்தம் உயிர் காக்கும். தேவைப்பட்டால் தயங்கவே கூடாது. ஆனால் காய்ச்சல், ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு போன்ற ஆபத்துகளும் சிறிதளவு உண்டு. ஆகவே குறைத்து ஏற்றவே வைத்தியர்கள் பாடுபடுகிறார்கள்.

பெர்லின் இதய நிலையத்தார் குழாய்களைக் குட்டையாக்கி, இயந்திரத்தைப் பிள்ளையருகே கொண்டுவந்து, நிரப்பும் அளவைச் சுமார் 100 மில்லிலீற்றருக்கு இறக்கினார்கள். கைக்குழந்தைகள் சிலருக்குப் பிறர் இரத்தமே தேவைப்படவில்லை. இயந்திரத்தின் வேலை முடிந்ததும் இரத்தத்திலுள்ள மிகுதி நீரை வடித்தெடுக்கும் முறையை லண்டன் கிரேட் ஓர்மன்ட் ஸ்ட்ரீட் வைத்தியர்கள் 1990களின் தொடக்கத்தில் வகுத்தார்கள். சிந்தும் இரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பிச் செலுத்தவும் முடியும். பரிசோதனைக்குச் சின்னக் குப்பியில் எடுப்பதும் பெரிய சேமிப்புத்தான்.

இந்தச் சேமிப்பு சத்திரசிகிச்சைக்கு வெகு முன்பே, நம் தோட்டத்திலேயே தொடங்க வேண்டும். இரத்தசோகையோடு போகும் பிள்ளைக்குப் பிறர் இரத்தம் கூடுதலாகத் தேவைப்படும். பால் குடிக்கையில் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், எடை ஏறாவிட்டால், பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகும் முன் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். நோய் தெரிந்த பிள்ளைக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்புச்சத்து மருந்து வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

இலங்கையில் இரத்ததானம் 2014 முதல் முழுக்க முழுக்கத் தன்விருப்பில் நடப்பது. முகம் தெரியாத ஒருவர் கைநீட்டிக் கொடுத்த அந்தப் பை, வேறு வழியே இல்லாத பிள்ளைக்காகக் காத்திருக்கட்டும்.